பத்தாம் நம்பர் ஊசியும் பிதுக்குப் பருப்பும்

பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கியது சர்க்கரை அச்சுக்காகத்தான். சங்கராந்திக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. மர அச்சுகளுக்கு அடியில், பழைய கன்னட நாளிதழில் சுற்றியபடி ஒரு ஜோடி பின்னல் ஊசி கிடைத்தது. சாம்பல் நிறம், தலைப்பக்கம் பொத்தான் மாதிரி ஒரு மூடி, அதில் 10 என்ற எண். ஊசியிலிருந்து இறங்காத நாலு வரிசைப் பின்னலும், கூடவே கொஞ்சம் ஊதா நிற உல்லன் நூலும் இருந்தன. ஐம்பதைத் தாண்டிவிட்டாலும் வீட்டில் அவள் இன்றும் ‘சின்னவள்’தான். எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள். பாச்சை உருண்டை வாசனைதான் வந்தது. ஆனாலும் அது யாருக்காக ஆரம்பித்த ஸ்வெட்டர் என்பது சட்டென்று நினைவுக்கு வந்துவிட்டது. அக்காவுக்குப் பிறக்கவிருந்த பிள்ளைக்கு. அந்தப் பிள்ளை இப்போது எலக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குப் போகிறான்.

அந்த ஊசிக்கு ஒரு சொந்த ஊர் உண்டு. ‘போனி’ என்ற பெயரில் கடைகளில் விற்கும் பின்னல் ஊசிகள், நீலகிரியில் கேத்தியை ஒட்டிய எல்லநள்ளியிலுள்ள நீடில் இண்டஸ்ட்ரீஸ் ஆலையில் பிறந்தவை. 1949இல் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றின் துணை நிறுவனமாகத் தொடங்கியது அது. பின்னாளில் அந்நியச் செலாவணிச் சட்டம் வெளிநாட்டுப் பங்கைக் குறைக்கச் சொன்னபோது பங்குதாரர்களுக்குள் தகராறு மூண்டு, உச்ச நீதிமன்றம் வரை போய் 1981இல் தீர்ப்பானது. கம்பெனிச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றைக்கும் அந்த வழக்கைப் படித்துத்தான் ஆகவேண்டும். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்த ஊசிச் சட்டம் ஒன்றே ஒன்று: எண் கூடக் கூட ஊசி மெலியும். அதனால் கீழ் பார்டருக்குப் பன்னிரண்டு, உடம்புக்குப் பத்து.

அப்பா கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு லேத் வேலைக்கு வந்தவர். வாடகை குறைவு, ஷிஃப்டுக்கு நடந்தே போய்விடலாம் என்று ஹெப்பகோடியில் ஒரு வரிசை வீட்டில் குடும்பத்தை வைத்தார். ஒரே கூரைக்குக் கீழ் நாலு குடித்தனம், எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி, தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் சீட், காலுக்குக் கீழே ரெட் ஆக்சைடு தரை. வடக்கே கோனப்பன அக்ரஹாரத்திலும் தொட்டதோகூரிலுமாக 332 ஏக்கரில் எலக்ட்ரானிக் சிட்டியை 1978இலேயே தொடங்கிவிட்டார்கள். கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனத்தை நடத்திய ஆர்.கே. பாலிகாவின் கனவு அது. ஹெப்பகோடிக்கு அப்போது அது ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயர், அவ்வளவுதான். ஓசூர் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ராகி வயலும் தைலமரத் தோப்பும் எருமைகளும்தான்.

அறுப்பு முடிந்த கார்த்திகையில் ராகிக் கதிரை ஊர்ச் சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற லாரியும் டிராக்டரும் ஏறி இறங்கி மணியை உதிர்த்துக் கொடுத்துவிட்டுப் போகும். அதன் மேல் சைக்கிள் ஓட்டினால் சறுக்கும் என்பதற்காகவே பிள்ளைகள் ஓட்டுவார்கள்.

பெங்களூர்க் குளிரைக் காஷ்மீர்க்காரர் கேட்டால் சிரிப்பார். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். ஜனவரி விடியலில் பதினைந்து, பதினாறு டிகிரி என்பது வழக்கம். நகரத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 7.8 டிகிரிதான், அதுவும் 1884 ஜனவரி 13இல். ஆனால் கீழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு, அதுவும் சீட் வீட்டில் படுப்பவர்களுக்கு, இந்தக் கணக்கு ஒத்து வராது. ராத்திரி சீட்டில் கோத்த பனி விடிகாலையில் சொட்டும். ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, காதுதான் முதலில் குளிரும். அப்பாவின் மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு, அதன் மேல் முந்தானையையும் இழுத்துவிட்டுக்கொண்டு, விறகடுப்பின் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

அம்மாவுக்குப் பின்னல் கற்றுக்கொடுத்தவர் தெருமுனையில் குடியிருந்த அரசுப் பள்ளி டீச்சர். நிட் ரெண்டு, பர்ல் ரெண்டு என்று பார்டர் போடும் பாடத்தோடு ஆரம்பித்து, ஆறு மாதத்தில் அம்மா டீச்சருக்கே கை போட்டுக் கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டார். நூல் வாங்கச் சிக்பேட்டை போகவேண்டும். வர்த்மான், ஓஸ்வால் என்று லூதியானாவிலிருந்து வரும் சிட்டங்கள். அதை அப்படியே பின்ன முடியாது, உண்டையாகச் சுற்றியாக வேண்டும். அந்த வேலை சின்னவளுடையது. சுற்றுவது அம்மா, இரண்டு கைகளையும் நீட்டி, மணிக்கட்டுகளில் சிட்டத்தை மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பது இவள். மூக்கு அரித்தாலும் சொறிய முடியாது. அக்கா எதிரே உட்கார்ந்து வேண்டுமென்றே கொட்டாவி விடுவாள்.

இவ்வளவு பாடுபட்டும் சின்னவள் புது நூல் ஸ்வெட்டர் போட்டதாக நினைவில்லை. அக்காவுக்குச் சின்னதாகிப் போனதைப் பிரித்துத்தான் இவளுக்குப் பின்னுவார்கள். தோள் தையலை அறுத்து, ஒரு முனையைக் கண்டுபிடித்து இழுத்தால் வரிசை வரிசையாகக் கழன்று வரும். பல வருடம் பின்னலில் கிடந்த நூல் சுருட்டை முடியாக நெளிந்திருக்கும். அதை மறுபடி சிட்டமாகக் கட்டி, வெந்நீரில் அலசி, கொடியில் தொங்கவிட்டு, அடியில் ஒரு சொம்பைக் கட்டிவிடுவார் அம்மா. அந்தக் கனத்தில் காய்ந்தால்தான் நெளிவு நிமிரும். பிறகு பழைய சிவப்போடு ஒரு உண்டை புது மஞ்சளைச் சேர்த்துப் பின்னினால் சின்னவளுக்குப் பட்டை போட்ட ஸ்வெட்டர் தயார். அளவெடுக்க டேப் கிடையாது, சாண் கணக்குதான். அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று கையை நாலு விரற்கடை நீளமாகப் பின்னி, மடித்துவிடுவார்.

இந்தத் தொழிலுக்குப் போட்டி இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. மைசூர் மாவட்டம் பைலகுப்பேயில் 1960களின் தொடக்கத்தில் திபெத்திய அகதிகளுக்குக் குடியிருப்பு அமைந்தது. குளிர் தொடங்கியதும் திபெத்தியக் குடும்பங்கள் பெங்களூர் உட்படப் பல ஊர்களில் நடைபாதையில் ஸ்வெட்டர்க் கடை போடும் வழக்கமும் நிலைத்துவிட்டது. சரக்கு பெரும்பாலும் லூதியானா மில்களில் மொத்தமாக எடுத்தது. மெஜஸ்டிக் பக்கம் அப்படியொரு கடையில் அம்மா ஒரு மெரூன் ஸ்வெட்டரை எடுத்தார். உள்பக்கமாகப் புரட்டினார், தையலை இழுத்துப் பார்த்தார், விலை கேட்டார், வைத்துவிட்டார். வீடு வந்து சேரும்வரை பேசவில்லை. ராத்திரி அப்பாவிடம் சொன்னார்: “வெறும் நூலுக்கே அதைவிட அதிகமாகுதுங்க. நான் என்னத்துக்குக் கண்ணைக் கெடுத்துக்கறேன்?”

கைப்பின்னல் ஸ்வெட்டர் ஏன் போயிற்று என்பதற்கு நாகரிகம், டிவி, வேகமான வாழ்க்கை என்று என்னென்னவோ காரணம் சொல்கிறார்கள். அந்த வீட்டைப் பொறுத்தவரை கணக்கு அன்று ராத்திரியே முடிந்துவிட்டது. பேரப்பிள்ளைக்கு என்று ஆசையாகத் தொடங்கிய ஊதா ஸ்வெட்டர்கூட, சீர்வரிசையில் குல்லா சாக்ஸோடு ரெடிமேட் செட்டாகவே மூன்று வந்து சேர்ந்ததும் நாலாம் வரிசையோடு நின்றுவிட்டது.

ஸ்வெட்டர் ஒரு ஆள் வேலை. அவரை எல்லாருடைய வேலை.

பெங்களூரில் குளிர்காலம் வந்ததற்கு இரண்டு அடையாளம். ஒன்று, கார்த்திகைக் கடைசித் திங்களன்று பசவனகுடி நந்தி கோவிலடியில் கூடும் கடலெக்காய் பரிஷெ என்ற நிலக்கடலைச் சந்தை. அப்பா அங்கிருந்து ஒரு பை நிறைய வறுத்த கடலை வாங்கி வருவார், வீடெல்லாம் தோலாகும். இரண்டாவது அவரைக்காய். மாகடிப் பக்கத்து அவரைக்கு நகரத்தில் தனி மவுசு. பனி இறங்கிய பிறகுதான் அதற்கு மணம் ஏறும் என்பார்கள். காயைத் தொட்டாலே விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். சோப்புப் போட்டாலும் வாசனை அடுத்த நாள்வரை நிற்கும். சாயங்காலம் சாக்கு விரித்து, நாலு குடித்தனத்துப் பெண்களும் திண்ணையில் உட்கார்ந்து உரிப்பார்கள். உரித்த கொட்டையை ராத்திரி தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் தோல் தளர்ந்து உப்பியிருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு ஓரமாக அழுத்தினால் பருப்பு வழுக்கி வெளியே வரும். அழுத்தம் கொஞ்சம் கூடினால் எதிர்ச்சுவருக்குப் பறக்கும். ஒரு படி பிதுக்குவதற்குள் விரல் நுனி ஊறி வெளுத்துச் சுருங்கிவிடும். தோல் பக்கத்து வீட்டு எருமைக்கு.

பக்கத்து வீட்டில் இருந்தவர் கன்னட அஜ்ஜி. அவர் வீட்டில் ராகி முத்தே, இவர்கள் வீட்டில் கேழ்வரகுக் களி. உருட்டும் விதம்கூட ஒன்றுதான். இரண்டுக்கும் தொட்டுக்கொள்ளப் பிதுக்குப் பருப்பு. சண்டை குழம்பில்தான். ஆயா வரமிளகாயும் சின்ன வெங்காயமும் அரைத்து, புளி கொஞ்சம் கரைத்துவிடுவார். அஜ்ஜி புளியைக் கிட்டேயே சேர்க்கமாட்டார். பட்டை, கிராம்பு, பூண்டு, தேங்காய், கொத்தமல்லி என்று அரைத்து ஊற்றுவார். “புளி போட்டா அவரை வாசனை ஹோகத்தே” என்று பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக அஜ்ஜி சொல்ல, “புளி இல்லாம என்னத்தக் குழம்பு” என்று ஆயா திருப்பிக் கொடுப்பார். கிண்ணம் மட்டும் தவறாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருக்கும். சின்னவளுக்குப் பிடித்தது அஜ்ஜியின் சாறுதான். அதை அவள் ஆயா இருந்தவரை வாய் திறந்து சொன்னதில்லை.

மார்கழியில் இரண்டு வாசலிலும் போட்டி இன்னொரு விதமாக நடக்கும். ஆயா சாணம் தெளித்து, அரிசி மாவில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்டு, நடுவில் சாண உருண்டையில் பூசணிப் பூவைச் செருகுவார். அஜ்ஜிக்கு அது தனுர் மாதம். விடியுமுன் பூஜை, ஹுக்கி என்ற பருப்புப் பொங்கல், வாசலில் கல்மாவு ரங்கோலி. பூசணிப் பூ மட்டும் அவர் கொல்லையிலிருந்துதான் வரும். “பா புட்டி, ஹூவு தகோ” என்று சின்னவளைக் கூப்பிட்டு எண்ணிக் கொடுப்பார்.

1991 டிசம்பரில் அந்தப் பழக்கம் சில நாள் நின்றது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு மத்திய அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் கலவரம் வெடித்தது. தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன, உயிர்களும் போயின. ஹெப்பகோடியில் அந்த வரிசை வீட்டின் மேல் ஒரு கல்கூட விழவில்லை. ஆனாலும் அப்பா வேலைக்குப் போகவில்லை, ரேடியோவில் தமிழ் நிலையம் வைக்கவில்லை, கதவு திறக்கவில்லை. அந்த வாரமே மார்கழி பிறந்தது. ஆயா கோலப்பொடி டப்பாவை எடுத்து, வாசல்வரை வந்து, திரும்ப உள்ளே வைத்துவிட்டார். மறுநாள் விடிந்து பார்த்தால் இவர்கள் வாசலும் தெளித்துப் பெருக்கி, கல்மாவில் தாமரை ரங்கோலி போட்டிருந்தது. பூசணிப் பூவும் இருந்தது. அஜ்ஜி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, இவர்களும் கேட்கவில்லை. அன்று குழம்பில் ஆயா புளி சேர்க்காமல் ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவைத்தார்.

சங்கராந்திக்கு எள்ளு பெல்ல. எள், வெல்லம், கொப்பரை, நிலக்கடலை, பொட்டுக்கடலை ஐந்தும் சேர்ந்த கலவை. கேட்க எளிது, செய்ய ஒரு வாரம். கொப்பரையின் பழுப்புத் தோலைச் சீவி எடுத்து, உள்ளே இருக்கும் வெள்ளையை மட்டும் அரிசி அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக நறுக்கவேண்டும். வெல்லத்தைப் பாக்குவெட்டியில் வைத்து அதே அளவுக்குத் துண்டாக்க வேண்டும். பொடியானால் அஜ்ஜி ஏற்கமாட்டார், பாயசத்துக்குத் தள்ளிவிடுவார். பிறகு வெயிலில் காயவைத்தால்தான் கலந்த பிறகு பிசுபிசுக்காது. காக்காய் விரட்டும் பொறுப்பு பிள்ளைகளுக்கு. ஒரு வாய் தின்றால் ஒரு அடி.

அதைவிட நுணுக்கம் சக்கரெ அச்சு. யானை, மயில், கோபுரம், துளசி மாடம் என்று இரண்டிரண்டு பாதியாக மர அச்சுகள். முதலில் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், காய்ந்த மரம் பாகை விடாது. சர்க்கரையைக் கொதிக்கவிட்டு, கொஞ்சம் பால் விட்டால் அழுக்கு நுரையாக மேலே வரும். எடுத்துவிட்டு வடிகட்டி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, மறுபடி காய்ச்சிக் கிளறினால் வெண்மை வரும். இரண்டு பாதியையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி, மேல் துளையில் பாகை ஊற்றவேண்டும். பிரிப்பதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. முந்தினால் யானைக்குத் தும்பிக்கை இருக்காது. பிந்தினால் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். தும்பிக்கை இல்லாத யானைகள் பிள்ளைகளுக்குச் சொந்தம் என்பதால் சின்னவள் அடிக்கடி அஜ்ஜியை அவசரப்படுத்துவாள். அஜ்ஜி பிற்பாடு மகன் வீட்டுக்குப் போனபோது ஆறு ஜோடி அச்சைத் தகரப் பெட்டியோடு இவர்கள் வீட்டில் விட்டுப்போனார்.

பண்டிகையன்று பட்டுப் பாவாடைப் பெண்கள் தட்டேந்தி வீடு வீடாகப் போவார்கள். தட்டில் எள்ளு பெல்ல, அச்சு, கரும்புத் துண்டு, வாழைப்பழம், மஞ்சள் குங்குமம். எள்ளும் வெல்லமும் தின்று நல்லதே பேசு என்பது கன்னட வழக்கு. காலித் தட்டாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அம்மா அதில் சர்க்கரைப் பொங்கல் வைத்து அனுப்புவார். சாயங்காலம் ஊர் எல்லையில் வைக்கோலைப் பரப்பித் தீ மூட்டி, கொம்புக்கு வண்ணம் பூசிய மாடுகளை அதன் மேல் தாண்ட விரட்டுவார்கள். அது கிச்சு ஹாயிசுவது. தமிழ் வீடுகளுக்கு மாட்டுப் பொங்கல் மறுநாள். ஆகக்கூடி சின்னவளுக்கு ஒரே தெருவில் இரண்டு நாள் மாட்டுப் பண்டிகை. பள்ளிக்கூடம் ஒரு நாள்தான் லீவு விடும் என்பது நியாயமே இல்லை.

அக்கா பத்தாவது முடித்ததும் கார்மென்ட்ஸுக்குப் போனாள். ஓசூர் சாலை நெடுக அப்போது தையல் ஆலைகள் பெருகிக்கொண்டிருந்தன. வீட்டில் அம்மா ஒரு ஸ்வெட்டரை முதல் முடிச்சிலிருந்து கடைசிப் பொத்தான்வரை தானே முடிப்பார். அக்கா வருடக்கணக்கில் சட்டைக்குப் பாக்கெட் வைத்தாள், பாக்கெட் மட்டும். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட். முழுச் சட்டை ஒன்றை அவள் ஆலையில் தைத்ததே கிடையாது. வெளியூரில் எந்தக் கடையில் சட்டை பார்த்தாலும் பாக்கெட்டைத்தான் முதலில் தடவிப் பார்ப்பாள், இப்போதும். பிஎஃப் பணத்தை 58 வயதுவரை முழுமையாக எடுக்க முடியாது என்று விதி மாறியபோது, 2016 ஏப்ரல் 18, 19 தேதிகளில் இந்தப் பெண்கள்தான் ஆயிரக்கணக்கில் ஓசூர் சாலையில் இறங்கினார்கள். கலவரமாகி, ஹெப்பகோடி போலீஸ் நிலையம் வரை தீ வந்தது. மத்திய அரசு விதியைத் திரும்பப் பெற்றது. அக்கா அப்போது வேலையை விட்டு நின்றிருந்தாள். டிவியில் கூட்டத்தைப் பார்த்து, பழைய லைன் தோழிகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

இன்று ராகி வயல் இல்லை. 2010இல் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் திறந்தது. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர் மஞ்சள் தட மெட்ரோ ஓடத் தொடங்கியது. ஹெப்பகோடிக்கும் ஒரு நிலையம். வரிசை வீடு இருந்த இடத்தில் நாலு மாடி பி.ஜி. ஹாஸ்டல். சின்னவள் இரண்டு தெரு தள்ளி, இரண்டாம் மாடி ஃப்ளாட்டில் இருக்கிறாள். கோலம் கதவுக்கு வெளியே டைல்ஸ் மேல், ஒரு சாண் அகலத்துக்கு. எள்ளு பெல்ல பாக்கெட்டாகவே கிடைக்கிறது, வெல்லமும் கொப்பரையும் மெஷினில் வெட்டி அளவு பிசகாமல். சக்கரெ அச்சும் கடையில் உண்டு. எல்லா யானைக்கும் தும்பிக்கை இருக்கிறது. அவள் எள்ளு பெல்ல பாக்கெட்தான் வாங்குகிறாள். அச்சை மட்டும் இன்னும் வீட்டில் ஊற்றுகிறாள். மகள் அதை டப்பாவில் எடுத்துக்கொண்டு மெட்ரோவில் போய் ஆபீஸில் கொடுக்கிறாள்.

அவரைக்கு மட்டும் குறைவே வரவில்லை. விஸ்வேஸ்வரபுரத்தில் வாசவி காண்டிமெண்ட்ஸ் கடைக்காரர்கள் தொடங்கிய அவரைக்காய் மேளாவில் தோசை முதல் ஜிலேபி வரை எல்லாம் அவரையில். உள்ளே நுழையவே தள்ளுமுள்ளு. ஆனால் வீட்டில் யார் பிதுக்குகிறார்கள்? தோல் நீக்கிய பருப்பைப் பையில் கட்டியே சந்தையில் தருகிறார்கள். சின்னவளும் அதைத்தான் வாங்குகிறாள். இதைப் பிதுக்க இதுவரை அவள் வீட்டில் ஒரு மெஷின் நுழையவில்லை. சந்தையில் அவள் வாங்கும் இடத்திலும் இல்லை. பனியன் ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டு கட்டிய பெண்கள் பேசினுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து பிதுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் விரல் நுனியும் ஊறி வெளுத்துச் சுருங்கித்தான் இருக்கிறது. கைவேலை அழிந்துவிட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் ஒரு காலையில் அங்கே போய்ப் பார்க்கலாம். திண்ணையில் பத்துப் பேர் பேசிச் சிரித்துச் செய்ததை இப்போது கூலிக்கு ஒருத்தி செய்கிறாள். பாக்கெட் வைத்த அக்காவின் தங்கைக்கு இது புரிகிறது.

சீசன் மாசி வரைதான். முழுக் காய்க்கும் பிதுக்கிய பருப்புக்கும் விலை வித்தியாசத்தைக் கேட்டு மலைக்கிறவர்கள், முதலில் ஒரு கிலோ காய் வாங்கி வீட்டில் உரித்து, ஊறவைத்து, தாங்களே பிதுக்கிப் பார்க்கட்டும். பேரம் பேசுவதென்றால் அதற்குப் பிறகு பேசலாம்.